ஸ்பிரிங்வெளிக்குப் போன விருந்தாளி

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்கு முதலில் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் அதற்குள் ஒரு வாய் வெற்றிலை போட்டுக்கொண்டு வரலாம்.

ராமாமிர்தம் பிள்ளைக்குப் பதுளைக் கடைவீதியில் மளிகைக் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. மனைவி வள்ளியம்மை. மகள் சந்திரகாந்திக்கு வயது பதினாறு, வாய் முப்பது. மகன் சுந்தரலிங்கம், வீட்டில் லிங்கம். பதுளை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் முதலாவதாகத் தேறி, ஆறு மாதத்துக்கு முன்னால் யுனிவர்சிட்டிப் படிப்புக்காகக் கொழும்புக்குப் போனவன். அந்தக் கடைவீதியில் வேறு யார் வீட்டுப் பிள்ளையும் அப்படிப் போனதில்லை.

அவனை எப்படி அனுப்பினார்கள் என்பதில்தான் வம்பே.

பிள்ளைக்கு ஊர் சாத்தூருக்குப் பக்கம். அங்கிருந்து இலங்கைக் கடைகளுக்கு வேலைக்குப் போகிறவனை மூன்று வருஷக் கெடு வைத்து அனுப்புவார்கள். கல்யாணமோ கருமாதியோ, கெடு முடியாமல் ஊர் திரும்பக் கூடாது. நடுவில் வந்து நிற்பவனுக்கு 'ஓடி வந்தவன்' என்று பெயர் விழும். அந்தப் பெயர் பேரன் காலம் வரைக்கும் அழியாது. பதினாலு வயதில் பிள்ளை கிளம்பியபோது அவருடைய அப்பா வாசலில் நின்று, "மூணு வருஷம் முடியாம இந்த வாசல்ல வந்து நிக்கக் கூடாது" என்றார். அவர்கள் ஊரில் அது சாபம் இல்லை, ஆசீர்வாதம். அப்படிச் சொல்லாமல் யாரும் பிள்ளையை அனுப்புவதில்லை.

அதே வார்த்தையைத்தான் ராமாமிர்தம் பிள்ளையும், கடைவீதியே கூடி நிற்க, தம் வாசலில் நின்று மகனுக்குச் சொன்னார். சொல்லிவிட்டு அவன் ஏறிய ரயிலிலேயே தாமும் ஏறிப் போய், அவனைக் காலேஜில் சேர்த்துவிட்டும் வந்தார். காலேஜ் என்றால் நடுநடுவே லீவு விட்டு ஹொஸ்டலைப் பூட்டுவார்கள் என்பது அந்த மனுஷருக்குத் தெரியாது. அன்றைக்கு மகனுக்கும் தெரியாது.

எனக்கு அவர் மேல் கோபம்தான். ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டு கதை சொல்ல முடியாது.

போன வாரம் என்ன ஆயிற்று? கொழும்பு வியாபாரி புவாத் வியாழக்கிழமை கடைக்கு வந்தார். வந்தவர் சாதாரணமாகக் கேட்டார்: "என்ன மொதலாளி, மகனைக் காணோம்? காலேஜ்தான் லீவாச்சே. செவ்வாக்கிழமை நான்தானே அவரை ரயில்ல ஏத்தி விட்டேன்."

பிள்ளை ஸ்டேஷனுக்கு ஓடினார். ரயில் பதுளைக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. இறங்குகிற முகமெல்லாம் ஸ்டேஷன் மாஸ்டருக்கு மனப்பாடம். கோட்டுப் போட்ட பையன் ஒருவன் புதன்கிழமை காலையில் இறங்கினான் என்று அவர் சொல்லிவிட்டார். இறங்கியவன் வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு நாளாக வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. வள்ளியம்மைக்குச் சோறு இறங்கவில்லை.

இனி சனிக்கிழமை.

மார்கழி மழை விடியும்போதே பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை தோறும் ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து அரிசி ஏற்றிப் போக வண்டி வரும். வண்டிக்காரன் இராசையா வழக்கமாகக் கடை முன்னால் வந்து, "மொதலாளி" என்று குரல் கொடுப்பான். இன்றைக்குத் தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு கொல்லைப்புறம் வந்து நின்றான்.

"அம்மா, ஒரு சங்கதி. கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு இராசையா."

"தம்பி எங்க லயத்து வீட்டுலதாம்மா இருக்கு. புதன்கிழமையிலேர்ந்து."

வள்ளியம்மை கிணற்றடி ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பெரிதாக அழப்போகிறாள் என்று இராசையா பயந்தான். அவள் கேட்டது ஒன்றுதான்.

"சாப்பிடுறானா?"

"சாப்பிடுதும்மா. ரொட்டி, கீரை, ஏதோ எங்களால முடிஞ்சது. நீங்கல்லாம் எங்க வீட்டுல கை நனைக்கக் கூடாது தம்பின்னு சொல்லிப் பார்த்தேன். கேக்கல. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிருச்சு."

"அப்ப இன்னைக்கு ஏன் வந்து சொல்றே?" என்று கேட்டது சந்திரகாந்தி. வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நேத்துக் கங்காணி பார்த்துட்டாரு பாப்பா. வெளியாளு லயத்துல தங்கப்படாதுங்கிறது தோட்டத்துச் சட்டம். இன்னைக்கு அந்திக்குள்ள அனுப்பிரு, இல்லாட்டி உன் வேலை போயிரும்னாரு. அதுக்குக்கூட நான் பயப்படல. தம்பிதான், 'உனக்கு எதுக்கண்ணே வம்பு, நான் சாயந்திரம் கொஸ்லந்தைக்குப் போயிடுறேன்'ங்குது. அங்க ஏதோ தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல வாத்தியார் வேலை இருக்காம்."

"வாத்தியார் வேலையா? அப்ப காலேஜ்?"

"அந்தப் பேச்சை எடுத்தா எந்திரிச்சு வெளிய போயிருதும்மா."

சந்திரகாந்தி அம்மாவின் பக்கத்தில் வந்து குந்தினாள். "அம்மா, அண்ணன் கொஸ்லந்தைக்குப் போயிட்டான்னா அவ்வளவுதான். காலேஜும் போச்சு, வீடும் போச்சு. மூணு வருஷம் கழிச்சுத்தான் வந்து நிப்பான். அவன் அப்பாவை உரிச்சு வச்சவன்."

வள்ளியம்மை எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் ஒரு கதவு உண்டு. கடை திறந்திருக்கும் நேரத்தில், கல்யாணமாகி வந்த இருபது வருஷத்தில், அவள் அந்தக் கதவைத் தாண்டியதில்லை. கடைவீதிப் பெண்கள் யாரும் தாண்டுவதில்லை. இன்றைக்குத் தாண்டினாள். சீனி வாங்க வந்திருந்த எதிர்க்கடைத் தையற்காரர் அஸீஸ் ஒதுங்கி வழி விட்டார்.

"என்னங்க. லிங்கம் இராசையா லயத்துல இருக்கான்."

பிள்ளையின் கை தராசிலேயே நின்றது. முகத்தில் முதலில் வந்தது நிம்மதிதான். அதை நான் சொல்லியாக வேண்டும். பிறகுதான், சுற்றி நிற்பவர்களின் ஞாபகம் வந்தது.

"உள்ள போ. அப்புறம் பேசலாம்."

"அப்புறம் இல்லைங்க. அந்திக்குள்ள அவன் கொஸ்லந்தைக்குப் போயிடுவான். வீட்டுக்கு வான்னு ஒரு வார்த்தை குடுங்க. நான் கொண்டு போறேன்."

"ஊரே கேக்கச் சொன்னது வள்ளியம்மை. அதை எப்படி மாத்துறது?"

அவள் குரலை உயர்த்தவில்லை. "உங்க ஆத்தா செத்தப்ப நீங்க போகல. கெடு முடியலைன்னு இங்கேயே இருந்தீங்க. நாளைக்கு நான் செத்தா எம்பிள்ளையும் அப்படித்தான் இருப்பான். அதுக்கா நான் அவனைப் பெத்தேன்?"

பிள்ளை தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தார். அவள் கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தாள். பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு, கடை முன்வாசல் வழியாகவே இறங்கி, நின்றிருந்த வண்டியில் அரிசி மூட்டை மேல் ஏறி உட்கார்ந்தாள். கடைவீதி முழுக்கப் பார்த்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன.

ஏற்றத்தில் மூன்று மணி நேரம். பாதி வழியில் சந்திரகாந்தி, "அம்மா, உனக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டாள்.

"பயமாத்தாண்டி இருக்கு. பேசாம வா."

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தின் கோடியில் இராசையாவின் காம்பரா, ஒரே அறை. அவன் மனைவி பெரியாயிக்குப் பிள்ளை பிறந்து முப்பது நாள். தேயிலை மலைக்கு வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். அடுப்பில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். உத்தரத்தில் சேலைத் தூளி தொங்கியது. தூளிக்குப் பக்கத்தில், கோணிச் சாக்கில் உட்கார்ந்து, மடியில் செங்கல் கனத்துக்கு ஓர் இங்கிலீஷ் புஸ்தகத்தை வைத்துக்கொண்டு, காலால் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தான் நம் யுனிவர்சிட்டி மாணவன்.

அம்மாவைக் கண்டதும் எழுந்தான். ஓடி வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றான்.

வள்ளியம்மை இரண்டு கையாலும் அவன் முகத்தைத் தடவினாள். "ஏண்டா இப்படி எலும்பாப் போனே?"

"ஒண்ணும் இல்லம்மா."

"பொய் சொல்லாதே. அங்க சோறு போடுறாங்களா இல்லையா?"

"போடுறாங்க. எல்லாத்துலயும் கவுச்சி. நான் பாண் ரொட்டியும் வாழைப்பழமும் தின்னுக்கிறேன். மேசையில முள்ளுக் கரண்டியையும் கத்தியையும் வச்சு அந்தப் பழத்தையும் எப்படித் திங்கிறதுன்னு முதல் மாசம் தெரியல. எல்லாரும் எந்திரிச்சுப் போனப்புறம் தின்னேன்."

சந்திரகாந்தி ஆணியில் தொங்கிய கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். "அஸீஸ் மாமா தைச்சது சாக்கு மாதிரி தொங்குது. நீ இளைச்சியா, கோட்டு பெருத்துச்சா?"

லிங்கம் லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் வள்ளியம்மைக்கு அழுகை வந்தது.

"யாராச்சும் அடிக்கிறாங்களாடா அங்க?"

"அடிச்சாத் தேவலையேம்மா. அடிக்கவும் ஆளில்ல, கேக்கவும் ஆளில்ல. வாத்தியாரு வருவாரு. ஒரு மணி நேரம் இங்கிலீஷ்ல பேசுவாரு. போயிருவாரு. படிச்சியா, புரிஞ்சுதான்னு ஒரு கேள்வி கிடையாது. மத்தவங்க எல்லாம் வீட்டுலயே இங்கிலீஷ் பேசுறவங்க, சளசளன்னு எழுதிக்குவாங்க. நான் ஒரு வரி எழுதி முடிக்கிறதுக்குள்ள அவரு மூணு வரி போயிருப்பாரு."

"உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஒரு சிநேகிதன்கூட இல்லையா?"

"அங்க யாரும் லிங்கம்னு கூப்பிடுறதில்லம்மா. மிஸ்டர் பிள்ளை. முதல்ல ஒரு மாசம், யாராச்சும் அப்படிக் கூப்பிட்டா, அப்பாதான் வந்துட்டாருன்னு திரும்பித் திரும்பிப் பார்த்தேன்."

பெரியாயி ரொட்டிக் கல்லைப் பார்த்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள்.

"ராத்திரியில வெக்கை தாங்காது. துண்டை நனைச்சு மேல போட்டுக்கிட்டுப் படுப்பேன். கடல் சத்தம் கேக்கும். தூக்கத்துல மழை பெய்யுதுன்னு நெனைச்சுக்குவேன். எந்திரிச்சுப் பார்த்தா மழை இருக்காது." அவன் புஸ்தகத்தை மூடினான். "போன மாசம் பரீட்சை வச்சாங்க. கடைசியில இருந்து ரெண்டாவதா வந்தேன். நான்மா. பதுளையில முதலாவதா வந்தவன்."

"போனாப் போகுது. வீட்டுக்கு வாடா."

"வரக் கூடாதும்மா."

"லீவுதானேடா? லீவுக்குப் பிள்ளைங்க வீட்டுக்கு வர்றது தப்பா?"

"புரட்டாசி லீவுக்கும் நான் வரல. கொழும்புல ஒரு கடையில மூட்டை மேல படுத்துக் கிடந்தேன். அப்ப அப்பா வார்த்தைக்காக வரல." புஸ்தகத்தைச் சாக்கின் மேல் வைத்தான். "இப்ப அது இல்ல. லீவுக்கு மட்டும் வந்திருந்தா நேரா வாசல்ல வந்து நின்னு அப்பாகிட்ட சண்டை போட்டிருப்பேன். ஆனா எனக்குத் திரும்பிப் போகவே மனசில்ல. பண்டாரவளை தாண்டினதும் குளிர் காத்து மூஞ்சியில பட்டுச்சு. ரயில்ல அத்தனை பேர் மத்தியில அழுதுட்டேன். ஓடி வந்தவன்னு கடைவீதியில சொல்வாங்க. அது பொய்யில்லையே. நிஜமாவே ஓடித்தான் வந்திருக்கேன். அப்பா எப்படித் தலை நிமிர்ந்து கடையில உட்காருவாரு?"

பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். இந்தப் பிள்ளையின் மனம் கல்லாக இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

வள்ளியம்மை அவனை இழுத்தாள், கெஞ்சினாள், திட்டினாள். அவன் அசையவில்லை. கடைசியில் அவளும் சாக்கை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப நானும் இங்கேயே இருக்கேன். உங்க அப்பாருக்கும் உனக்கும்தான் கெடு. எனக்கு ஒரு கெடுவும் கிடையாது."

பெரியாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, நீங்களுமாம்மா. ஒரு வெளியாளுக்கே கங்காணி குதிக்கிறாரு."

"இந்தப் பாப்பாவும்தான் இருக்கு," என்றான் இராசையா, சந்திரகாந்தியைக் காட்டிப் பரிதாபமாக. "மொத்தம் மூணு."

அங்கே அப்படி இருக்க, இங்கே கடையில் பிள்ளை வியாபாரம் செய்துகொண்டிருந்தார். செய்துகொண்டிருந்தார் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அஸீஸ் பொட்டலத்தை வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார்.

"பிள்ளைவாள், நான் கேட்டது சீனி. இது செத்தல் மிளகா."

பிள்ளை மிளகாயையே பார்த்துக்கொண்டு நின்றார். "அஸீஸ், நீர் சொல்லும். நான் போனா ஊர் என்ன சொல்லும்?"

"எதையாச்சும் சொல்லும். நீங்க போனாலும் சொல்லும், போகாட்டியும் சொல்லும். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கு? எனக்குச் சீனியைக் குடுத்துட்டுப் போங்க."

பிள்ளை சீனியைக் கட்டிக் கொடுத்தார். பிறகு உச்சி வேளையில், கடை தொடங்கின நாளிலிருந்து ஒரு நாளும் செய்யாததைச் செய்தார். பலகைகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கடையைச் சாத்தினார். குடையை எடுத்துக்கொண்டு ஒற்றை மாட்டு வண்டி ஒன்றைப் பிடித்தார். கடைசி ஏற்றத்தில் மாடு சேற்றில் வழுக்க, இறங்கி நடந்தார்.

லயத்துக்கு அவர் வந்து சேர்ந்தபோது மூன்று மணி. வேட்டி முழங்கால்வரை சேறு. காற்றில் குடை மல்லாந்திருந்தது. அட்டை கடித்துக் கணுக்காலில் ரத்தம். அவரைக் கண்டதும் இராசையா கம்பளியைக் கையிலெடுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினான். லிங்கம் எழுந்து நின்றான். வள்ளியம்மை மட்டும் எழுந்திருக்கவில்லை.

பிள்ளை வாசலில் நின்று மகனை மேலும் கீழும் பார்த்தார். வழியெல்லாம் ஏதேதோ யோசித்துக்கொண்டு வந்திருந்தார். வாயில் வந்தது வேறு.

"காய்ச்சல் கீய்ச்சல் ஏதும் உண்டா?"

"இல்லப்பா."

"இப்படி இருக்கியே."

லயத்துப் படிக்கட்டில் உட்கார்ந்தார். மழை ஓலைப் பந்தலில் சொட்டிக்கொண்டிருந்தது. மகனைப் பார்க்காமல், எதிர்ப்பக்கத்துத் தேயிலையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஆத்தா செத்த கடுதாசி வந்தப்ப நான் இங்க வந்து ஒண்ணரை வருஷம். நான் வேலை பார்த்த கடை மொதலாளி, என் மாமா சொன்னாரு, 'போயிட்டு வாடா, நான் கப்பலுக்கு ஏற்பாடு பண்றேன்'னு. நான்தான் மாட்டேன்னேன். கடைவீதியில அத்தனை பேரும் மெச்சினாங்க. வைராக்கியக்காரன்னாங்க. பதினாறு வயசுப் பயலுக்கு அது போதாதா? அந்த மெச்சலை வச்சுக்கிட்டே இத்தனை வருஷம் ஓட்டிட்டேன்."

வள்ளியம்மை நிமிர்ந்து பார்த்தாள். மாமாதான் விடவில்லை என்று இருபது வருஷமாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"கெடு முடிஞ்சு ஊருக்குப் போனேன். அப்பா வாசல்ல நின்னு வரவேற்றாரு. அடுக்களைக்குள்ள போய்ப் பார்த்தேன். அங்க யாரும் இல்ல. அன்னைக்கே எனக்குத் தெரியும் லிங்கம், தப்புப் பண்ணிட்டேன்னு. தெரிஞ்சும் உங்கிட்டயும் அதையேதான் சொன்னேன். பிள்ளையை வேற என்ன சொல்லி அனுப்புறதுன்னு எனக்குத் தெரியல."

லிங்கம் வந்து அவருக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தான். "நான் ஓடித்தான்பா வந்தேன்."

"தெரியும். முகத்தைப் பார்த்தாலே தெரியுது."

"காலேஜ்ல நல்லாப் படிக்கலப்பா."

"சரி."

"கடைவீதியில..."

"கடைவீதியை நான் பார்த்துக்கிறேன். ஓடி வந்தவன் நம்ம வீட்டுக்குத்தாண்டா வந்திருக்கணும். பிள்ளை பெத்த வீடு, இவங்களுக்கு இருக்கிறதே ஒரு காம்பரா. இவங்க தலையில போயி உட்கார்ந்தியே, அதுதான் தப்பு." அவர் மகனின் தோளில் கை வைத்தார். அந்தக் கைக்கு அதெல்லாம் பழக்கமில்லை. எடுக்கவும் தெரியாமல் அப்படியே வைத்திருந்தார். "வீட்டுக்கு வா. பின்வாசல் வேணாம். கடை வழியா, என்கூட வா."

லிங்கம் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். முதுகு குலுங்கியது. சந்திரகாந்தி வாய் திறக்காமல் இருந்தது அன்றைக்கு அந்த ஒரு தரம்தான்.

பிள்ளை அடுப்புப் பக்கம் திரும்பினார். "பெரியாயி, குடிக்க ஏதாச்சும் இருந்தாக் குடும்மா."

பெரியாயி புருஷனைப் பார்த்தாள். அவன் மனைவியைப் பார்த்தான். கடைவீதிக்காரர்கள் யாரும் லயத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அவள் தேத்தண்ணியைப் பித்தளைக் கோப்பையில் ஊற்றி, அதைத் துணியால் இரண்டு தரம் துடைத்துக் கொடுத்தாள். ராமாமிர்தம் பிள்ளை ஒரே நாளில் பெரிய சீர்திருத்தக்காரர் ஆகிவிட்டார் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஏற்றம் ஏறி வந்தவருக்குத் தாகம். ஆனாலும் கோப்பையை உதட்டில் வைத்தே குடித்தார், மீதி வைக்காமல் குடித்தார்.

"எம்மகனுக்கு நாலு நாள் சோறு போட்டிருக்கீங்க," என்றார் கோப்பையை நீட்டிக்கொண்டே.

"அது கிடக்கட்டும் மொதலாளி. தம்பி போயிட்டா இனிமே தூளியை யாரு ஆட்டுறதுன்னுதான் எனக்குக் கவலை," என்றாள் பெரியாயி. அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அரிசியை இறக்கிவிட்டு வந்த வண்டியிலேயே எல்லாரும் திரும்பினார்கள். கங்காணிக்குச் சொல்லிவிட்டு இராசையாவே ஓட்டினான். மழை விட்டிருந்தது. நமுனுகுல மலை உச்சி மட்டும் இன்னும் மூட்டத்துக்குள் இருந்தது. வள்ளியம்மை மகள் மடியில் தலையை வைத்ததுதான் தெரியும். இரண்டு நாள் தூக்கத்தை வண்டியிலேயே தூங்க ஆரம்பித்துவிட்டாள். அவள் குறட்டை விடுவாள் என்பது சந்திரகாந்திக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

பின்னால் அப்பாவும் மகனும் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"லீவு எத்தனை நாள்?" என்று கேட்டார் பிள்ளை.

"இன்னும் பதினேழு நாள் இருக்குப்பா. பொங்கலுக்கு முன்னால திறந்திருவாங்க."

"பதினேழு நாளும் வீட்டுல இரு. உங்கம்மா கையால சாப்பிடு."

கொஞ்ச தூரம் வண்டி போனது. பதுளை ஓயா ஆற்றின் இரைச்சல் கீழே கேட்கத் தொடங்கியது.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"லீவு முடிஞ்சதும் நான் திரும்பிப் போகணுமா?"

பிள்ளைக்குப் பதில் தயாராக இருந்தது. அவருடைய அப்பா சொன்னது, மாமா சொன்னது, கடைவீதியில் ஒவ்வொரு வீட்டிலும் சொல்வது: போகாம என்னடா, ஆம்பளைப் பிள்ளைதானே. அது நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அதை விழுங்கினார்.

"உனக்கு என்ன தோணுது?" என்று கேட்டார்.

அவரை யாரும் வாழ்நாளில் அப்படிக் கேட்டதில்லை. அவரும் யாரையும் கேட்டதில்லை. கேட்டுவிட்டு, சரியாகத்தான் கேட்டோமா என்ற சந்தேகத்தோடு மகனின் முகத்தைப் பார்த்தார்.

லிங்கம் வாயைத் திறந்தான். கொழும்பிலிருந்து பதுளை வரைக்கும், லயத்தில் நாலு நாளும், போக மாட்டேன் என்று சொல்ல ஆயிரம் காரணங்களைச் சேர்த்து வைத்திருந்தான். எல்லாம் 'போ' என்கிற அப்பாவுக்காகச் சேர்த்தவை. 'உனக்கு என்ன தோணுது' என்கிற அப்பாவிடம் சொல்ல அவனிடம் ஒன்றும் இல்லை.

"தெரியலப்பா," என்றான்.

"சரி. யோசி. நானும் யோசிக்கிறேன்."

வண்டி கடைவீதி முனையில் திரும்பியது. மூடின கடைக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் கூடி நின்றார்கள். பிள்ளை முதலில் இறங்கி, மகன் இறங்கக் கை நீட்டினார்.